கவுன்சில் வரி கட்டத் தேவையில்லையா? வாட்ஸ்அப் 'சட்டமும்' மார்க்கம் சொல்வதும்



பிரிட்டனில் ஏப்ரல் பிறந்தால் கவுன்சில் வரி பில் வீடு தேடி வந்துவிடும். சில ஆண்டுகளாக அதன் பின்னாலேயே வாட்ஸ்அப் செய்தி ஒன்றும் வருகிறது. "இந்த வரியைக் கட்டச் சட்டப்படி உங்களுக்குக் கடமை இல்லை. இத்துடன் உள்ள கடிதத்தில் பெயரை நிரப்பி அனுப்புங்கள், கவுன்சில் வாயை மூடிக்கொள்ளும்" என்பதுதான் அதன் சாரம். லத்தீன் சொற்கள், பழைய சட்டங்களின் பெயர்கள், ஆண்டுகள், பிரிவு எண்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். முஸ்லிம்களிடையே சுற்றும்போது ஓரிரு ஹதீஸ்களும் சேர்ந்துகொள்கின்றன.

அங்கே வாழும் நம் சகோதரர்கள் இதைப் பற்றி மார்க்கத் தீர்ப்பு கேட்கிறார்கள். வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் செலவு என்று திணறும் குடும்பத் தலைவர்களே அதிகம் கேட்கிறார்கள். ஆகவே இதை விரிவாகவே பார்ப்போம். முதலில் இந்த வாதங்கள் சட்டத்தில் நிற்குமா என்பதையும், பிறகு மார்க்கத்தில் நிற்குமா என்பதையும் எடுத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் நடைமுறை இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்தில் வசூல் முறை வேறு.

வரியின் அடிப்படை

கவுன்சில் வரி 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தால் உருவாகி, 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணித்து, ஏ முதல் ஹெச் வரை எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்பு, குழந்தைகள் நலன், குப்பை அகற்றல், நூலகம் போன்றவற்றுக்கு இந்தப் பணம் போகிறது. காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த வரியில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய விலையை வைத்து இன்றும் வரி போடுகிறார்கள். மிக உயர்ந்த ஹெச் பிரிவு வீட்டுக்காரர், அதே ஊரில் மிகத் தாழ்ந்த ஏ பிரிவு வீட்டுக்காரர் கட்டுவதைப் போல் மூன்று மடங்குதான் கட்டுகிறார். வீடுகளின் விலை வித்தியாசமோ அதைவிடப் பல மடங்கு. 2013இல் ஏழைகளுக்கான தேசிய அளவிலான கவுன்சில் வரி உதவி நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு குறைந்த நிதியோடு உள்ளாட்சிகளிடம் தள்ளப்பட்டது. அதுவரை ஒன்றுமே கட்டாத பல ஏழைக் குடும்பங்கள் ஒரு பகுதியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆக, மனக்குறைக்கு நியாயம் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் போலி.

சுற்றிவரும் ஐந்து வாதங்கள்

முதலாவது, 'ஒப்பந்தம் இல்லை' என்ற வாதம். "நான் கவுன்சிலோடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. மையால் கையெழுத்திட்ட அசல் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது. வரி ஒப்பந்தத்தால் வருவதல்ல, பாராளுமன்றச் சட்டத்தால் வருவது. கையெழுத்திடாததால் கடமை இல்லை என்றால், ஃபித்ரா கொடுப்பதாகவோ பெற்றோரைப் பேணுவதாகவோ நம்மில் யார் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்? எல்லாக் கடமைகளும் ஒப்பந்தத்தால் பிறப்பவை அல்ல என்பது ஃபிக்ஹின் முதல் பாடம் படித்தவருக்கும் தெரியும்.

இரண்டாவது, 'வைக்கோல் மனிதன்' வாதம். பில்லில் பெரிய எழுத்தில் அச்சான பெயர் உங்களுடையது அல்ல. பிறப்புச் சான்றிதழ் மூலம் அரசு உருவாக்கிய ஒரு போலி நிறுவனத்தின் பெயர். கடன் அதற்குத்தான், உங்களுக்கல்ல என்பது இது. கேட்பதற்கே விசித்திரமாக இருக்கும். பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பதால் ஆள் மாறுவதாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடவுச்சீட்டிலும் பெரிய எழுத்தில்தான் பெயர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஹஜ்ஜுக்குப் போய் வருகிறோம்.

மூன்றாவது, மேக்னா கார்ட்டா வாதம். 1215ஆம் ஆண்டின் அந்தச் சாசனத்தில் 61ஆம் பிரிவு 'சட்டபூர்வக் கிளர்ச்சி' உரிமை தருகிறது என்பார்கள். அந்தப் பிரிவு உரிமை தந்தது 25 பிரபுக்களுக்கு, ஜான் மன்னருக்கு எதிராக. அதே ஆண்டு ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னொசென்ட் சாசனத்தையே செல்லாது என்று அறிவித்தார். 1216இல் சாசனம் மறுபடி வெளியிடப்பட்டபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. பின்னர் வந்த எந்தப் பதிப்பிலும் அது திரும்பவில்லை. சில மாதங்களே உயிரோடிருந்த ஒரு பிரிவைக் காட்டி எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வரி விலக்குக் கேட்கிறார்கள்.

நான்காவது, மௌன வாதம். "இக்கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் தராவிட்டால் நான் எழுதியதையெல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகும்" என்று எழுதி அனுப்புவது. கவுன்சில் பதில் தரத் தாமதித்தால் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். உண்மையில் அங்கே வசூல் வேலை தன்போக்கில் நடந்துகொண்டிருக்கும். மௌனமாக இருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்ற முடியாது என்ற விதி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படுகிறது. பேசியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் மௌனம் சம்மதமாகும். யாரோ ஒருவர் தாமாக எழுதி அனுப்பிய கடிதம் அத்தகைய இடமல்ல.

ஐந்தாவது, 'யுத்தத்துக்கு உதவி' வாதம். நம் மக்களின் உள்ளத்தைத் தொடுவது இதுதான். காஸாவின் காட்சிகளைப் பார்த்துக் கொதித்திருக்கும் இளைஞர்களிடம், "நீங்கள் கட்டும் வரி கொலைக்குப் போகிறது, பயங்கரவாதத்துக்கு நிதி கொடுப்பதைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டின் சட்டப்படி வரி கட்டுவதே குற்றம்" என்கிறார்கள்.

இந்த வேதனை உண்மையானது. ஆனால் இதே வாதம் அந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. அணு ஆயுதத்துக்குச் செலவாகிறது என்பதைக் காட்டி வருமான வரியை எதிர்த்த செனி எதிர் கான் வழக்கில், பாராளுமன்றம் இயற்றிய சட்டமே விதிக்கும் வரியைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது என 1968இல் வெளியான தீர்ப்பு கூறியது. இராணுவத்துக்குச் செல்லும் பங்கைத் தர மனசாட்சி இடம் தரவில்லை என்று குவேக்கர் கிறிஸ்தவர் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் வரை போனார். மதச் சுதந்திரம் வரி மறுக்கும் உரிமையைத் தராது என்று 1983இல் ஆணையம் சொல்லிவிட்டது. அந்த இரண்டும் மத்திய அரசின் வரி பற்றியவை. இராணுவச் செலவு மத்திய அரசின் கையில் உள்ளது. கவுன்சில் வரியோ உள்ளூர் முதியவரின் பராமரிப்புக்கும் குப்பை வண்டிக்கும் போகிறது. அங்கே இந்த வாதம் இன்னும் பலவீனமாகிறது.

உள்ளாட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி ஆயுத நிறுவனங்களில் முதலீடு செய்யப்படுவதை எதிர்க்க வேண்டுமென்றால் அதற்கு வழி திறந்தே இருக்கிறது. கவுன்சிலர்களிடம் மனுக் கொடுக்கலாம், கூட்டங்களில் கேள்வி கேட்கலாம், தேர்தலில் வாக்கால் பேசலாம்.

எங்கிருந்து வந்தன?

இவற்றின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1970களில் அங்கே பரவிய 'பாஸி காமிட்டேட்டஸ்' என்ற இயக்கத்திலிருந்து 'இறையாண்மைக் குடிமக்கள்' என்று தம்மை அழைத்துக்கொள்வோர் கிளைத்தனர். வெள்ளையரே உண்மையான குடிமக்கள், விடுதலையான கறுப்பினத்தவர் அரசு தயவால் வந்த இரண்டாந்தரக் குடிமக்கள் என்ற நச்சுக் கருத்தும், யூத வெறுப்பும் அந்த இயக்கத்தில் கலந்திருந்தன. பின்னர் அவ்வாதங்கள் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் 'ஃப்ரீமேன் ஆன் தி லேண்ட்' என்ற பெயரில் வந்தன. நிறவெறியர்கள் செய்த ஆயுதம் இன்று நிறவெறிக்கு ஆளாகும் முஸ்லிம் இளைஞனின் கைபேசியில் 'விடுதலைக்கான வழி' என்று வந்து நிற்கிறது!

கனடாவின் ஆல்பர்ட்டா மாநில நீதிமன்றத்தில் 2012இல் மீட்ஸ் எதிர் மீட்ஸ் என்ற விவாகரத்து வழக்கு நடந்தது. அதில் இத்தகைய வாதங்கள் எழுப்பப்பட்டபோது, நீதிபதி ரூக் 700க்கும் அதிகமான பத்திகளில் அவை ஒவ்வொன்றையும் எடுத்து அலசினார். அவை சட்டமே அல்ல என்றும், அவற்றைக் கற்றுக்கொடுத்துக் காசு பார்ப்பவர்கள் நம்பி வருபவர்களை ஏமாற்றுகிறார்கள் என்றும் எழுதினார். வேறு நாடுகளின் நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை எடுத்தாளுகின்றன. இந்தக் கடிதங்களைப் பரப்புவோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வாதத்தை ஏற்று ஒருவரை வரியிலிருந்து விடுவித்த தீர்ப்பு ஒன்றைக் காட்டுங்கள்." பதிலுக்கு இன்னொரு வீடியோதான் வரும்.

கட்டாமல் இருந்தால் நடப்பது

தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதற்கும் கட்டாவிட்டால் தவணைச் சலுகை போய், அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டும் நிலை வரும். அடுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை. அதன் செலவும் நம் தலையில். அங்கே கேட்கப்படும் எதிர்வாதங்கள் மிகச் சில: ஏற்கனவே கட்டிவிட்டேன், வரிக்குப் பொறுப்பாளி நானல்ல, பில் முறைப்படி அனுப்பப்படவில்லை என்பன போன்றவை. மேக்னா கார்ட்டாவுக்கு அங்கே இடமில்லை.

'பொறுப்பாணை' பிறந்துவிட்டால் சம்பளத்திலிருந்தோ அரசு உதவித்தொகையிலிருந்தோ பிடித்தம் செய்யலாம். பெய்லிஃபை அனுப்பலாம். பெய்லிஃப் கையில் கோப்பு போனதுமே 75 பவுண்டு, வீட்டு வாசலுக்கு வந்தால் மேலும் 235 பவுண்டு என்று 2014ஆம் ஆண்டு விதிகள் கட்டணம் வைத்தன. 200 பவுண்டு பாக்கி இப்படித்தான் 600ஐத் தாண்டுகிறது. இங்கிலாந்தில் 1992 விதிகள் வேண்டுமென்றே கட்ட மறுப்பவரை 3 மாதம் வரை சிறையில் அடைக்கவும் இடம் வைத்தன. வேல்ஸ் 2019இல் அந்தத் தண்டனையை நீக்கியது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இயலாமையால் கட்டாதவருக்கும் வேண்டுமென்றே மறுப்பவருக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. "நான் கட்ட மாட்டேன்" என்று பத்துப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும் ஏழைச் சகோதரர், தமக்கு எதிரான சாட்சியைத் தாமே தயாரித்துக் கொடுக்கிறார். இயலாதவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரக்கத்தை அந்தக் கடிதம் பறித்துவிடுகிறது.

மார்க்கத்தின் பெயரால் வரும் வாதங்கள்

"வரி வசூலிப்பவன் சுவர்க்கம் செல்லமாட்டான் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்கிறார்கள். 'மக்ஸ்' எடுப்பவரைக் கண்டிக்கும் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. இமாம் நவவி (ரஹ்) போன்றோரும் மக்ஸைப் பெரும் பாவங்களில் சேர்த்திருக்கிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மக்ஸ் என்பது சந்தைகளிலும் பாதைகளிலும் மக்களின் பொருளை அநியாயமாகப் பறித்த தண்டல். பொதுத் தேவைக்குக் கருவூலத்தில் பணம் இல்லாதபோது வசதியுள்ளோர் மீது ஆட்சியாளர் வரி விதிக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் முஸ்தஸ்ஃபாவில் பேசுகிறார்கள். இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களும் இதை ஏற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல. மேலும் அந்த எச்சரிக்கை அநியாயமாக எடுப்பவருக்கு உரியது. கொடுப்பவர் பாவி என்று அது சொல்லவில்லை. கொடுக்காமலிருக்கப் பொய்ப் பத்திரம் எழுதலாம் என்றும் சொல்லவில்லை.

"அது முஸ்லிம் அரசல்லவே, அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றக் கட்டளையிடுகிறது. அது யாரோடு செய்தது என்று பிரிக்கவில்லை. விசா பெற்றோ குடியுரிமை பெற்றோ ஒரு நாட்டில் வாழ்பவர் அந்நாட்டின் அமானிதத்தில் இருக்கிறார். பாதுகாப்பு வாக்குப் பெற்று எதிரி நாட்டுக்குள் நுழைந்த முஸ்லிமுக்கு, கைக்கு எட்டினாலும் அவர்களுடைய பொருளை எடுப்பது ஆகுமானதல்ல என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) 'அல்உம்மு'வில் எழுதியிருக்கிறார்கள். யுத்த நாட்டுக்கே சட்டம் இதுவென்றால், பள்ளிவாசல் கட்டி, பாங்கு சொல்லி, பிள்ளைகளைப் படிக்க வைத்து வாழும் நாட்டுக்கு என்ன சொல்வது?

ஹுதைஃபா (ரழி) அவர்களும் அவர்களின் தந்தையாரும் மதீனா வரும் வழியில் குறைஷிகளிடம் சிக்கினார்கள். நபியவர்களோடு சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டே விடுவித்தார்கள். நடந்ததைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட பத்ருப் போர் நேரத்திலும், அந்த வாக்கை நிறைவேற்றும்படி இருவரையும் திருப்பியனுப்பினார்கள் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நெருக்கடியில், எதிரி வாங்கிய வாய்மொழி வாக்கு அது. மையால் கையெழுத்து இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று: இந்தக் கடிதங்களில் பல 'சத்தியக் கடிதங்கள்'. "இந்தப் பெயர் நான் அல்ல" என்று சத்தியம் செய்வது சட்டத் தந்திரமல்ல, பொய்ச் சத்தியம். வரி மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பாவத்துக்கு ஈடாகாது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்ற பனூஇஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம், புரியாத லத்தீன் சொற்களுக்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்கும் பொருந்தும்.

சட்டத்துக்குள் உண்மையில் இருக்கும் வழிகள்

சட்டத்தோடு போராடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. லண்டன் டாட்டன்ஹாமில் பால் நிக்கல்சன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் இருந்தார். ஏழைகளின் வரி உதவி குறைக்கப்பட்டதைக் கண்டித்துத் தம் கவுன்சில் வரியைக் கட்டாமல் நிறுத்தினார். நீதிமன்றம் அவர் மீது 125 பவுண்டு செலவு விதித்தது. 'நான் வைக்கோல் மனிதன்' என்று அவர் எழுதவில்லை. "இந்த 125 பவுண்டு எப்படி வந்தது, கணக்கைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார். போதிய விவரம் இல்லாமலே மாஜிஸ்திரேட் அந்தத் தொகையை விதித்தது தவறு என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே ஹாரிங்கே கவுன்சில் வரி உதவித் திட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட முறையே சட்டவிரோதம் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவுன்சில்கள் தோற்கும். உண்மையான சட்டத்தின் முன்னால் தோற்கும்.

சாதாரணக் குடும்பத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. கேட்டால் கிடைக்கக்கூடியவை இவை:

• வருமானம் குறைவென்றால் கவுன்சிலின் வரிக் குறைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

• வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி. முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு வரி இல்லை.

• கடுமையான மறதி நோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்டு, அதற்குரிய உதவித்தொகைக்குத் தகுதியும் மருத்துவர் சான்றும் உள்ளவரை வரிக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இது கிடைக்கக்கூடும், குடும்பத்தார் கேட்பதில்லை.

• ஊனமுற்றவரின் தேவைக்காகத் தனி அறையோ கூடுதல் குளியலறையோ இருந்தால் ஒரு பிரிவு குறைத்து வரி போடுவார்கள்.

• வீடு தவறான பிரிவில் இருப்பதாகத் தோன்றினால் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஆட்சேபிக்கலாம். தள்ளுபடி மறுக்கப்பட்டால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை.

• பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கக் கேட்கலாம். மிகக் கடினமான நிலையில், 1992 சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் பாக்கியையே குறைக்கவோ தள்ளவோ கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

• கடன் பல பக்கம் நெருக்கினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற இலவச ஆலோசனை அமைப்புகளை அணுகலாம். 2021இல் தொடங்கிய திட்டப்படி, ஆலோசகர் மூலம் 60 நாள் அவகாசம் பெறலாம். அந்த நாட்களில் பெய்லிஃப் வர முடியாது.

பள்ளிவாசல் நிர்வாகிகளின் கவனத்துக்கு

பொது வணக்கத்துக்கான பள்ளிவாசல் கட்டடத்துக்கு 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் கட்டட வரியிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. இமாம் குடிவருவதற்காகக் காலியாக வைத்திருக்கும் வீட்டுக்கும் கவுன்சில் வரி விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் நிழலில் அமர்ந்துகொண்டே, 'அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது' என்று பேசுவோருக்கு மேடை தருவது அழகல்ல. இத்தகைய 'பயிற்சி வகுப்பு'களுக்கு மண்டபம் கேட்டு வந்தால், யார் நடத்துகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறோம். ஒருவர் இந்தக் கடிதங்களை நாடுவது பெரும்பாலும் பேராசையால் அல்ல, நெருக்கடியால். கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்களித்தால் மாறு செய்கிறார் என்று காரணம் காட்டியே நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அதிகம் பாதுகாப்புத் தேடினார்கள் என்று புகாரியில் வருகிறது. கடனாளி ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஒருவர். மஹல்லாவில் வரிப் பாக்கியால் தவிப்பவர் யார் என்று தெரிந்து, படிவம் நிரப்ப ஆங்கிலம் தெரிந்த ஓர் இளைஞரை அவருடன் உட்கார வைத்து, தேவைப்பட்டால் ஸகாத் நிதியிலிருந்து கைகொடுத்தால், வாட்ஸ்அப் கடிதத்துக்கு அங்கே வேலை இருக்காது.

இப்போதே பாதி வழி போய்விட்ட சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அழைப்பாணை வந்திருந்தாலும் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்து தவணை கேட்கலாம். பொறுப்பாணை வந்த பிறகும் கேட்கலாம். பெய்லிஃப் வாசலுக்கு வருவதற்கு முன் கேட்பது நல்லது.

வல்ல அல்லாஹ் நம் கடன்களை இலகுவாக்கி, நம் வாக்குகளில் உண்மையாளர்களாக நம்மை ஆக்கி அருள்புரிவானாக. ஆமீன்.